பிடித்து வைத்து அளக்காதீர்கள்

உடம்பில் இருக்கிற கொழுப்பை எப்படி அளப்பது என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. தோலை எந்த இடத்தில் மடித்துப் பிடிப்பது, நாடாவை இடுப்பில் எந்த உயரத்தில் சுற்றுவது என்பதெல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். என் காலத்தில் இல்லாத மெசின்களையும் பழகியிருப்பீர்கள். நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறவள். மன்னாரில் தாதியாக வேலை செய்த கடைசி வருடங்களில், அறிவு வளர்ச்சி குறைந்த பெரியவர்களை ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிற குழுவில் இருந்தேன். இன்றைக்கு அந்த வேலைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். படிப்பில் வராத ஒன்றிரண்டு விஷயங்களைச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் பார்க்கப் போகிறவர்களில் பலர் கட்டையானவர்கள். சிலருக்கு முதுகு வளைந்திருக்கும். சிலர் ஒரு நிமிடம் நேராக நிற்க மாட்டார்கள். உயரத்தையும் நிறையையும் வைத்துப் போடுகிற கணக்கு இவர்களிடம் அடிக்கடி பிழைத்துவிடும். அதனால்தான் கொழுப்பைத் தனியாக அளக்கிறோம். சீனி வருத்தமும் பிரஷரும் இவர்களுக்கும் வருகின்றன. ஆனால் என்ன செய்கிறது, எங்கே நோகிறது என்று இவர்கள் எடுத்துச் சொல்வது குறைவு. நாங்களும் கேட்பது குறைவு.

முதலில் ஒரு சின்னக் கதை. மன்னாரின் தாராபுரத்தில் நியாஸ் என்று ஒருவர் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். எங்கே போனாலும் ஒரு கறுப்புக் குடை கையில் இருக்கும். அதைக் கீழே வைத்துவிட்டுத் தராசில் ஏறச் சொன்னால் ஏற மாட்டார். முன்னொரு முறை வந்த குழு குடையைப் பறித்ததாம். மனிதர் மண்டபத்தை விட்டு ஓடியவர், பிறகு இரண்டு தவணை வரவேயில்லை. அவருடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் குடை அவர்ர வாப்பாட குடை, மகள். அத மட்டும் கேக்காதீங்க" என்றார். அதற்கு நான் பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. குடையோடு ஏறச் சொன்னேன். பிறகு, "இப்ப குடைக்கும் நிறை பாப்பமோ?" என்று கேட்டேன். நியாசுக்கு அது பிடித்துவிட்டது. தானே குடையைத் தராசில் படுக்க வைத்தார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வேலை முடிந்தது. அதன் பிறகு அவர் ஒரு தவணையும் தவறவிடவில்லை.

அன்றைக்கு எனக்கு நேரம் இருந்தது. நேரம் இல்லாத நாளில், மண்டபம் நிறைய ஆட்கள் காத்திருக்க, மேலிடத்திலிருந்து நெருக்கிக்கொண்டிருக்க என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. றெஜினாவின் கதையை அதற்காகத்தான் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

றெஜினா, அரிப்பு என்கிற கடலோர ஊர்ப் பக்கத்துப் பெண். முப்பத்தெட்டு வயது. ஊரில் எல்லோரும் அவளைப் "பிள்ளை" என்றுதான் சொல்வார்கள். தகப்பன் கடலில் போய்த் திரும்பாதவர். தாய் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் இறந்துபோனார். தம்பி அமலன் மீன்பிடிக்கிறவன். அவனுடைய மனைவி சுகந்திதான் றெஜினாவைக் குளிப்பாட்டி, உடுப்பாட்டி, தலை இழுத்துச் சீவிவிட்டுப் பார்த்துக்கொண்டாள். சுகந்திக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அமலன் விடியுமுன் கடலுக்குப் போனால் வெயில் ஏறித்தான் வருவான்.

முதல் தடவை அவர்கள் மாதா கோயில் மண்டபத்துக்கு வந்தபோது றெஜினாவைப் பார்த்து எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. பூப்போட்ட சட்டை, தலையில் மல்லிகை. கன்னமும் கையும் உருண்டு திரண்டிருந்தன. தோலை மடித்து அளக்கிற கலிப்பரை எடுத்தபோது, "நண்டு! நண்டு!" என்று கத்திச் சிரித்தாள். நண்டின் வாய்க்குள் தானே கையை நீட்டினாள். அளந்து முடிந்ததும் மற்றக் கையையும் நீட்டினாள்.

அளவுகள் நன்றாக இல்லை. சீனி தொடங்கியிருந்தது. பிரஷரும் கூட. எங்களோடு வந்த டொக்டர் இளைஞர், நல்ல மனிதர், உண்மையான அக்கறை உள்ளவர். அக்கறை கூடிப்போனதால் குரலும் கூடிவிட்டது.

"இப்பிடிச் சாப்பாடு குடுத்தால் இவ எத்தினை நாளைக்கு இருப்பா? அன்பு எண்டு நினைச்சு நீங்கள் இவவைக் கொல்லுறியள். சோத்தைக் குறையுங்கோ. அடுத்த முறை நிறை இறங்கியிருக்க வேணும்."

வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சுகந்தி தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் டொக்டர்" என்றாள்.

மூன்று மாதம் கழித்து அடுத்த தவணை வந்தது. அந்த முறை அளவுகளை எல்லாம் அன்றைக்கே முடித்து அனுப்ப வேண்டும் என்று மேலிடத்தின் கட்டளை. சீனி பார்க்க இரவல் வாங்கிய மெசினைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். மறிச்சுக்கட்டிப் பக்கத்திலிருந்துகூட ஆட்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். வெயில், புழுக்கம். மண்டபத்து மின்விசிறி ஒன்றுதான் வேலை செய்தது. காத்திருந்து களைத்தவர்கள் முனகத் தொடங்கியிருந்தார்கள்.

றெஜினா தராசில் ஏறினாள். நிறை நன்றாக இறங்கியிருந்தது. டொக்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"பாத்தீங்களே, மனம் வைச்சால் ஏலும்! எல்லாரும் இவைக்கு ஒருக்காக் கை தட்டுங்கோ" என்றார்.

எல்லோரும் தட்டினார்கள். சுகந்தி சிரிக்கவில்லை. எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. போன முறை மண்டபத்துப் படிகளில் தானாக ஏறி வந்த பெண், இந்த முறை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். கதிரையில் இருந்து எழும்ப இரண்டு தடவை எத்தனித்தாள்.

"றெஜினா, நண்டு பாப்பமோ?" என்று கேட்டுக்கொண்டு கலிப்பரை எடுத்தேன்.

அவளுடைய முகம் மாறிய வேகத்தை என்னால் மறக்க முடியாது. இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டிக் கட்டிக்கொண்டு நிலத்தில் தொப்பென்று இருந்துவிட்டாள். பிறகு கத்தினாள். சின்னக் கத்தல் இல்லை. வெளியே நின்ற வான் சாரதி உள்ளே எட்டிப் பார்க்கிற அளவுக்கு. வரிசையில் இருந்த ஒரு பெடியன் காதைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான். அவன் அழ இன்னும் ஒருத்தி அழுதாள். மண்டபமே கலங்கியது.

"ஒரு நிமிஷ வேலை மிஸ்" என்றார் டொக்டர். "ரெண்டு பேர் மெல்லமாப் பிடியுங்கோ. கெதியா எடுத்துப்போட்டு விடுவம். இல்லாட்டி எல்லாரும் குழம்பப்போகினம்."

உதவிக்கு நின்ற இரண்டு பெண்கள் முன்னால் வந்தார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஊசி போடுகிறபோது பிடிக்கிறோம், பல்லுப் பிடுங்குகிறபோது பிடிக்கிறோம். பிடித்துப் பழகிய கைகள். சுகந்திகூட, "பிடிச்சு எடுங்கோ மிஸ், அவ இப்பிடித்தான்" என்றாள்.

"வேண்டாம். ஒருத்தரும் தொடாதேங்கோ" என்றேன்.

அந்த நேரத்தில் எனக்குக் காரணம் ஒன்றும் தெரியாது. மூன்று மாதத்துக்கு முன் இரண்டு கையையும் நீட்டிச் சிரித்தவள் இன்றைக்கு ஏன் கத்துகிறாள் என்ற ஒரு கேள்வி மட்டும் இருந்தது. கருவி மாறவில்லை, நானும் மாறவில்லை. அப்படியென்றால் இடையில் வேறு ஏதோ மாறியிருக்கிறது. பிடித்து அளந்தால் ஒரு இலக்கம் கிடைக்கும். அந்தக் கேள்விக்கு மறுமொழி கிடைக்காது.

மற்றவர்களை மண்டபத்தின் மறுபக்கம் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லிவிட்டு, நான் றெஜினாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். கத்தல் விம்மலாகி, விம்மல் மூச்சானது. பிறகு என் கைச்சட்டையை மேலே சுருட்டிவிட்டுக் கலிப்பரை அவளிடம் நீட்டினேன்.

"நீங்கள் எனக்கு அளவெடுங்கோவன்."

அவள் கலிப்பரை வாங்கினாள். பார்த்தாள். அதை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தாள். பிறகு தன் இரண்டு விரல்களால் என் மேல்கையின் உட்பக்கத்தில், அந்த மெல்லிய தோலை நுள்ளிப் பிடித்து முறுக்கினாள். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. முறுக்கிக்கொண்டே, தன் குரலில் இல்லாமல் வேறு ஒருவருடைய குரலில், தாழ்த்தி, பல்லைக் கடித்துச் சொன்னாள்:

"சோத்துப் பானையில கை வைப்பியோ? இனி வைப்பியோ?"

நிமிர்ந்து பார்த்தேன். சுகந்தி எங்களுக்கு மேலே நின்றாள். அவள் முகத்தில் இரத்தம் இல்லை.

பிள்ளைகளே, அந்த இடத்தில் செய்யக்கூடிய காரியங்கள் பல. எல்லோர் முன்னிலையிலும் சுகந்தியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒன்றும் கேட்காதது போல எழும்பியும் இருக்கலாம். இரண்டும் சுலபம். நான் றெஜினாவிடம், "உங்கட கையைப் பாக்கலாமோ? தொட மாட்டன், பாக்கிறன் மட்டும்" என்று கேட்டேன். அவள் தலையாட்டினாள். மறைப்புத் திரைக்குப் பின்னால் போய், தானே சட்டையை உயர்த்திக் காட்டினாள். இரண்டு மேல்கைகளின் உட்பக்கத்திலும் தடயங்கள். சில மஞ்சளாகிப் பழுத்தவை. சில நீலம் மாறாதவை.

டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒவ்வொரு தடயத்தையும் குனிந்து பார்த்தார். வெளியே வந்ததும் கோபம் பிடித்தது.

"இவவை அந்த வீட்டுக்கு அனுப்பேலாது. இண்டைக்கே இல்லத்தில சேர்ப்பம். நான் இப்பவே சமூக சேவைக் கந்தோருக்குப் போன் எடுக்கிறன்."

"எடுக்கத்தான் வேணும் டொக்டர். மறைக்கச் சொல்லேல்ல. ஆனா இல்லத்தில விடுறதுக்கு முதல் அவவை ஒருக்காக் கேட்டியளோ?"

"அவவுக்கு என்ன விளங்கும் மிஸ்?"

"தனக்கு நடந்ததை எவ்வளவு துப்புரவாச் சொல்லிப்போட்டா. இதையும் சொல்லுவா."

அவர் உள்ளே போய், றெஜினாவுக்கு முன்னால் குந்தினார். அந்த மனிதரில் எனக்கு மரியாதை வந்த இடம் அதுதான். பேனையைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"றெஜினா, எங்க இருக்க விருப்பம்?"

"வீடு."

"ஆரோட?"

"சுகந்தி."

டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடிக்கிறவர்களிடமே போக விரும்புகிறவர்களை நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரியில் நிறையப் பார்த்தவர்கள். அந்த மறுமொழியை நம்பி ஒருவரை அனுப்பிவிட முடியாது. ஆனால் றெஜினா இன்னும் முடிக்கவில்லை. டொக்டரின் முழங்காலில் தட்டி அவரைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நுள்ள வேண்டாமெண்டு சொல்லு" என்றாள்.

அவள் சொன்னது ஒரு வசனம். அதற்கு இரண்டு பாதி. ஒரு பாதியை மட்டும் கேட்டிருந்தால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கண்ணை மூடியிருப்போம். மற்றப் பாதியை மட்டும் கேட்டிருந்தால் அவளை வீட்டிலிருந்து பிடுங்கியிருப்போம். இரண்டையும் செய்து கொடுப்பதுதான் எங்கள் வேலை. அது எப்படி என்றுதான் அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரிந்தது. அன்றைக்கு அவள் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. சீனிக்கும் பலவீனத்துக்கும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, அது பொய்யில்லை. ஆஸ்பத்திரி வாட்டில் சேர்ப்போம், சமூக சேவை உத்தியோகத்தருக்கு உள்ளதை உள்ளபடி சொல்வோம், ஆறுதலாக யோசிப்போம் என்று முடிவெடுத்தோம். ஊருக்குத் தெரிகிற காரணம் சீனி. அதனால் ஒருவருடைய மானமும் அன்றைக்கு அந்த மண்டபத்தில் போகவில்லை.

பிறகு சுகந்தியைத் தேடிப் போனேன். மண்டபத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கியின் நிழலில் நின்றாள். என்னைக் கண்டதும் அழவில்லை. பேசத் தொடங்கினாள்.

"பொலிசுக்குக் குடுக்கப்போறியளோ மிஸ்?"

"உத்தியோகத்தருக்குச் சொல்லப்போறம். உங்களுக்குத் தெரியாமச் செய்ய மாட்டம். அதுதான் நேர வந்து சொல்லுறன்."

அவள் தாங்கியில் சாய்ந்தாள்.

"நான் கலியாணம் முடிச்சு வந்தபோது இவ மெலிவு. மச்சாளைப் பட்டினி போடுறாள் எண்டு சனம் சொல்லிச்சு. பூசை முடிஞ்சு வெளியில வந்தால் என்னைப் பாத்துக் குசுகுசுப்பினம். அதுக்காக அள்ளி அள்ளிப் போட்டனான் மிஸ். அவவும் ஆசையாத் தின்பா. பிறகு டொக்டர் எல்லாற்றை முன்னாலயும், நான் சோறு தீத்திக் கொல்லுறன் எண்டார். அடுத்த நாளே சந்தையில கேக்கினம், என்ன, பிள்ளையைக் கொல்லுறியாமே எண்டு. சோத்தைக் குறைச்சன். பொரியலை நிப்பாட்டினன். மீனையும் நிப்பாட்டினன். இவவுக்குப் பசி. நான் சின்னவனைக் குளிப்பாட்டப் போனால் பானைக்குள்ள கை. பக்கத்து வீட்டு அடுப்படியில போய் நிக்கிறா. நிறை இறங்காட்டி அடுத்த முறையும் எனக்கு ஏச்சு. ஒரு நாள் நுள்ளினன். கையை எடுத்திட்டா. பிறகு…"

"உங்கட கஷ்டம் எனக்கு விளங்குது. எவ்வளவு காலம் ஒரு கை குடுக்க ஆளில்லாமப் பாத்திருக்கிறியள் எண்டும் விளங்குது. ஆனா நுள்ளினது பிழை சுகந்தி. அது விளங்கினதால இது சரியாகாது" என்றேன்.

"தெரியும் மிஸ்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

டொக்டர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். நான் சொல்லி வரவில்லை. அவராகவே வந்தார். சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"அண்டைக்கு நான் எல்லாற்றை முன்னாலயும் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது. தனியக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேணும். எதைக் குறைக்கிறது, எதைக் குடுக்கிறது எண்டும் சொல்லித் தந்திருக்க வேணும். அது என்ர பிழை. ஆனா இண்டைக்கு நான் பாத்ததை எழுதாமல் விடேலாது" என்றார்.

"எழுதுங்கோ டொக்டர்" என்றாள் சுகந்தி.

வாட்டில் றெஜினாவை ஆறுதலாகப் பார்த்தோம். கலிப்பரை நான் கொண்டுபோகவேயில்லை. நாடா மட்டும்தான். நாடாவின் ஒரு நுனியை அவள் பிடிப்பாள், மற்ற நுனியை நான் பிடிப்பேன். அவளுக்கு அது விளையாட்டு. வயிற்றைச் சுற்றிய அளவு கிட்டத்தட்ட பழையபடியே இருந்தது. கையும் தொடையும்தான் சுருங்கியிருந்தன. பட்டினியில் கரைந்தது கொழுப்பைவிடத் தசைதான் அதிகம். மீனும் இல்லை, முட்டையும் இல்லை. வெறும் கொஞ்சச் சோறு. எழும்பி நடக்கிற பலம் அதிலே போயிருந்தது. நாங்கள் கை தட்டியது அதற்குத்தான்.

தராசு ஒரு ஆளை மொத்தமாகத்தான் நிறுக்கும். போனது எது என்று அதற்குத் தெரியாது. நிறை இறங்கியது என்று ஒருவரைப் பாராட்டுவதற்கு முன்னால் அவர் படியேறுகிறாரா, கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்புகிறாரா என்று பாருங்கள்.

மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஒரு ஆளுக்குக் கலிப்பர் அளவு விடுபட்டிருக்கிறதே, ஏன் என்று கேட்டார்கள். "அவ விரும்பேல்ல" என்றார் டொக்டர். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "பிள்ளை இல்லை சேர், அவவுக்கு முப்பத்தெட்டு வயசு. விரும்பேல்ல எண்டால் விரும்பேல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அமலன் கடலிலிருந்து வந்த உடுப்போடு வாட்டுக்கு ஓடி வந்தான். உத்தியோகத்தர் அவனுக்குச் சொல்லியிருந்தார். கண் சிவந்திருந்தது.

"அவளை இண்டைக்கே தாய் வீட்டுக்குக் கலைக்கிறன் மிஸ். என்ர அக்காவில கை வைச்சவள்."

"கலைச்சுப்போட்டு? நாளைக்கு விடிய அக்காவை ஆர் குளிப்பாட்டுறது, நீங்களோ? மாதச் சுகயீனம் வந்தால் ஆர் பாக்கிறது?"

அவன் ஒரு கதிரையை இழுத்து இருந்தான். அக்காவில் உயிரை வைத்திருந்தவன்தான். ஆனால் அந்த அன்பைக் கையால் செய்து பார்த்ததில்லை. உத்தியோகத்தர் அம்மா அனுபவசாலி. அவனையும் சுகந்தியையும் ஒன்றாக இருத்திக் கதைத்தார். அமலனுக்கும் வேலை பிரித்துக் கொடுத்தார். கரைக்கு வந்து வலையைத் தட்டி முடித்ததும் அக்காவைக் கடற்கரையோடு நடத்திக் கூட்டிப்போக வேண்டும். சாப்பாட்டில் அவளுக்குப் பக்கத்தில் அவன் இருக்க வேண்டும். பங்குக் கோயில் நடத்துகிற பகல் நிலையம் ஒன்றில் கிழமையில் சில நாட்கள் றெஜினாவுக்கு இடம் எடுத்துக் கொடுத்தார். சோற்றைக் குறைப்பதென்றால் தட்டில் வெறுமை தெரியக் கூடாது, கீரையும் மீனும் அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்று நான் சுகந்திக்குக் காட்டிக் கொடுத்தேன். சுகந்தி வாட்டுக்கு ஒவ்வொரு நாளும் வந்தாள். முதல் நாள் றெஜினா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். சுகந்தி கட்டிலுக்கு எட்டத்தில் கதிரையைப் போட்டு இருந்துவிட்டுப் போனாள். பிறகு ஒரு நாள் போர்வைக்குள்ளிருந்து, "தலை இழு" என்று குரல் வந்தது.

றெஜினாவை வீட்டுக்கு அனுப்பினோம். உத்தியோகத்தர் சொல்லாமல் போய்ப் பார்ப்பார், நானும் போவேன் என்ற நிபந்தனையோடு. ஒவ்வொரு முறையும் றெஜினாவிடம் கேட்டுத்தான் கையைப் பார்ப்பேன். சில முறை காட்டுவாள். சில முறை "இல்லை" என்பாள், அப்போது முற்றத்தில் கதைத்துக்கொண்டிருப்பேன், போகுமுன் காட்டிவிடுவாள்.

எல்லாம் அத்தோடு சுகமாக முடிந்தது என்று எழுதினால் நீங்கள் என்னை நம்பக் கூடாது. மழைக் காலத்தில் ஒரு நாள் நான் படலையைத் திறக்கும்போதே சுகந்தி ஓடி வந்தாள். பகல் நிலையம் வெள்ளத்தில் பூட்டியிருந்த நாட்கள். சின்னவனுக்குக் காய்ச்சல் வேறு.

"மிஸ், நீங்கள் கையைப் பாக்க முதல் நானே சொல்லிப்போடுறன். போன கிழமை ஒருக்கா நுள்ளிப்போட்டன்."

"பிறகு?"

"பிறகு பயந்துபோய்ப் பிள்ளையளோட வெளியில போய் நிண்டனான். இவருக்கும் சொன்னனான். உத்தியோகத்தருக்கும் போன் எடுத்துச் சொல்லிப்போட்டன்."

அன்றைக்கு நான் அவளைப் பாராட்டவில்லை, ஏசவும் இல்லை. றெஜினாவிடம் போய், "என்ன நடந்தது?" என்று கேட்டேன். "நுள்ளினவ. நான் ஏசினனான்" என்றாள். அவள் ஏசினாள் என்பது எனக்குப் புதுச் செய்தி. உத்தியோகத்தர் அடுத்த நாளே வந்தார். நிலையம் திறக்கும்வரை பகலில் றெஜினாவை ஒரு பெரியம்மா முறையானவர் வீட்டில் விட ஒழுங்கு செய்தார். அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்தவரை ஒரு தடயமும் காணவில்லை. காணவில்லை என்றுதான் சொல்கிறேன். அதற்கு மேல் சத்தியம் செய்ய எனக்கு வழியில்லை.

டொக்டர் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். சில வேளை கதைப்பார். "அவவை வீட்டுக்கு விட்டது சரிதானோ மிஸ்?" என்று இன்னும் கேட்பார். "நாங்கள் விடேல்ல டொக்டர், அவ போனவ. நாங்கள் கூடப் போனம்" என்பேன். சில நாட்களில் அந்த மறுமொழி எனக்கே போதாமல் இருக்கும். இந்த வேலையில் அப்படிச் சில நாட்கள் உங்களுக்கும் வரும். அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக அந்த வீட்டுக்குப் போனது ஒரு மத்தியான வேளை. சாப்பாட்டு நேரம் என்று தெரியாமல் போய்விட்டேன். சுகந்தி என்னையும் பிடித்து இருத்தினாள். விளைமீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். அமலன், பிள்ளைகள், றெஜினா எல்லோரும் ஒரே பாயில். றெஜினா மெலிந்து கொடியாகிவிடவில்லை, இன்னும் பருமன்தான். ஆனால் என்னைக் கண்டதும் கையூன்றாமல் எழும்பி வந்து கூட்டிக்கொண்டு போனாள்.

சுகந்தி அவளுடைய தட்டில் சோறு வைத்தாள், மீன் வைத்தாள். இன்னும் ஒரு அகப்பை எடுத்தவள் அப்படியே கையை நிறுத்திக்கொண்டு றெஜினாவின் முகத்தைப் பார்த்தாள். சுற்றி இருந்த எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அதில் ஒரு அதிசயமும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. றெஜினா தட்டைப் பார்த்தாள். வயிற்றில் கையை வைத்துக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அந்தக் கையைத் தட்டுக்கு மேலே விரித்துப் பிடித்தாள்.

"காணும்" என்றாள்.

சுகந்தி அகப்பையைத் திரும்பப் பானைக்குள் வைத்தாள்.